கால் வைத்த இடங்கள்

கல்லடியில் மலை இல்லை.
உயரமென்று எங்களிடம் இருப்பவை
பாலம், தண்ணீர்த் தாங்கி,
மார்கழி வெள்ளம் சுவரில் விட்டுப்போன கோடு.
இந்தத் தட்டை நிலத்தில் பிறந்த இரண்டு பேர்
லீவு கிடைத்தால் மலைக்குப் போனோம், றொஸ்லினும் நானும்.
மடுல்சீமை, நக்கிள்ஸ், ஒருமுறை
மூன்று நாள் மழைக்குள் ஹப்புத்தளை.

ஊரில் கேட்டார்கள்: நேர்த்தியா?
இல்லை.
அங்கே சொந்தக்காரரா?
இல்லை.
பிறகு ஏன் கா?

பதிலுக்கு நான் படங்களைக் காட்டுவேன்.
படத்தில் மலை எப்போதும் சின்னது.
நாலு மணித்தியாலம் நெஞ்சு வெடிக்க ஏறியது
ஒரு பிடி பச்சையாய், அதன்மேல் கொஞ்சம் வெள்ளையாய்க் கிடக்கும்.
"வடிவா இருக்கு" என்றபடி
அடுத்ததுக்குத் தள்ளுவார்கள்.

போன வருடம் றொஸ்லினின் வலது முழங்காலைக்
கொழும்பில் திறந்து மூடினார்கள்.
பத்துப் படி ஏறலாம், அதற்கு மேல் வேண்டாம்.
டொக்டர் எழுதித் தந்ததை
கரண்ட் பில் வாசிப்பதுபோல எனக்கு வாசித்தாள்.

தனியே நான் போன முதல் மலை குடும்பிமலை.
முதல்நாள் இரவு அவள் சொன்னாள்:
"உச்சியில நிண்டு எடுக்கிற படம் எனக்கு வேணாம்.
ஆர் எடுத்தாலும் அது ஒண்டுதான்.
நீ கால் வைக்கிற இடத்தை எடு."

எடுத்தேன்.
புலிபாய்ந்தகல் தாண்டிச் செம்மண்,
மாட்டுக் குளம்புத் தடங்களில் நேற்றைய மழை,
ஒவ்வொன்றிலும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு.
பால் கலன் கட்டிய மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது.
"என்ன பிள்ள, ஏதும் விழுந்திட்டா?"
"இல்ல, நிலத்தைப் படம் எடுக்கிறன்."
என்னைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார்.
"காணிப் பிரச்சினையா?"
இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

அடிவாரத்தில் பெயர் பதிகிற கொப்பி.
காவலுக்கு நின்ற பொடியன்
அந்தப் பக்கம் எடுக்க வேண்டாமென்று கையால் காட்டினான்.
நான் என் சப்பாத்தைக் காட்டினேன்.
அதை எடுக்கலாம் என்று சிரித்தான்.

அதன்பிறகு வேர், வேர், பிளந்த கல்,
பன்றியோ கரடியோ கிண்டிய குழி,
துருவேறிய முள்ளுக்கம்பி ஒரு முழம்.
பாதையை விட்டுக் காலை எடுக்காதே
என்று சொல்லிச் சொல்லி வளர்த்த காலத்துப் பிள்ளை நான்.
குனிந்து பார்த்து நடப்பது எனக்குப் புதிதில்லை.
படம் எடுப்பதற்காகக் குனிந்ததுதான் புதிது.

உச்சியில் நின்றேன்.
கிழக்கே வாவி, வெயிலில் காயப்போட்ட வலைத்துண்டு.
எடுக்கவில்லை.

நூற்றி எண்பத்தேழு படங்கள், வானமே இல்லாமல்.
றொஸ்லின் காலைத் தலையணையில் நீட்டி
மடிக்கணினியைத் தொடையில் வைத்துத் தொடங்கினாள்.
ஒரு படத்துக்கு ஒரு எட்டு எடுக்கும் நேரம்.
அவசரப்படவேயில்லை.
வழுக்கும் கல் வந்தால் உதட்டைக் கடித்தாள்,
நிழல் வந்த இடத்தில் தோளைத் தளர்த்தினாள்.

"அறுபத்திரெண்டுக்கும் அறுபத்திமூண்டுக்கும் நடுவில
என்ன நடந்தது?"
"ஒண்டும் இல்ல."
"வெயில் மற்றப் பக்கம் போயிட்டு. நீ விழுந்திருக்கிறாய்."
சட்டைக் கையை இழுத்து
முழங்கையை மூடிக்கொண்டேன்.

பாலத்தில் ஒரு மீன் லொறி ஏறிப் போனது.

நூற்றி இருபதுக்குப் பிறகு பாதை நிமிர்கிறது.
மண் முடிந்து வெறும் கல்.
நூற்றி முப்பத்தொன்றில் அவள் விரல் நின்றுவிட்டது.
தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது,
ஆனாலும் மேலுதட்டில் வியர்வை.

"கொஞ்சம் இருப்பம்" என்றாள்.
"அந்தத் தண்ணிப் போத்தலைத் தா."